வளைந்த ஈட்டிகள்

அத்தியாயம் 7

டெஸ்மண்ட் ஓல்ட்ராய்டைப் படியில் தள்ளியது யார் என்று கேட்டால் ஹாதர்க்ளஃப் ஊரே ஒரு பெயரைத்தான் சொன்னது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் மட்டும் ஏன் அங்கே போனான் என்று வாயைத் திறக்கவே இல்லை.

அவன் டாரன். டெஸ்மண்டின் மருமகன். கூரை வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவன் மாமனார் வீட்டு நிலவறையில் நின்று கத்தியது பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுவர் தாண்டிக் கேட்டிருந்தது. "இனிமே முடியாது! நீங்க சொல்றீங்களா, நானே எல்லாத்தையும் சொல்லிடட்டுமா?" தேநீர் நேரத்துக்கு டெஸ்மண்டைக் கூப்பிடப் போன மனைவி ஆட்ரி, நிலவறைப் படியின் அடியில் அவரைத் தலையில் அடிபட்ட நிலையில் பார்த்தாள். உயிர் இருந்தது. பேச்சு போய்விட்டது.

என்ன சண்டை என்று கேட்டதற்கு டாரன் பதில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் பர்ட்விசில் அதற்கு மிரட்டல் என்று பெயர் வைத்து அவனை லாக்கப்பில் போட்டுவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் வழக்குப் பதிவாகிவிடும்.

டாரனின் மனைவி பிரையனி கடைசி நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்தது துப்பறியும் ரூத் ஹால்ஸ்டெட்டையும், ரூத்தோடு இலவச இணைப்பாக வரும் அவளுடைய உதவியாளன் லென்னியையும்.

"ஞாயித்துக்கிழமைன்னா அப்பா கீழதான் விளையாடுவார்," என்றாள் பிரையனி, நிலவறை விளக்கைப் போட்டபடி. "அம்மாகிட்ட 'ஆள் வர்றான், கீழ வராதே'ன்னு சொல்லிட்டுப் போவார். பின்முற்றத்துல தனிக் கதவு இருக்கு. யார் வந்தா, யார் போனான்னு எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு எதிர்ல உட்கார்ந்து விளையாடினவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க. அவன் பார்த்திருப்பான். டாரன் தள்ளலைன்னு அவன் சொல்வான்."

"தள்ளினான்னு சொல்லிட்டா?" என்றான் லென்னி.

ரூத் அவன் காலை மிதித்தாள். ஆனால் பிரையனி அந்தக் கேள்வியை ஏற்கெனவே தனக்குள் பலமுறை கேட்டுவிட்டவள் போலத் தலையசைத்தாள்.

"அப்படின்னா அப்பா பக்கம் நிக்கணுமா, அவன் பக்கம் நிக்கணுமான்னு நானே முடிவு பண்ணிக்கிறேன்."

நிலவறையை ஒரே மேஜை நிறைத்திருந்தது. அதன்மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு சமவெளி, ஓரத்தில் நீலச் சாயம் பூசிய ஆறு. நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான ஈய வீரர்கள். கேடயம், தலைக்கவசம், ஈட்டி. சில முகங்களில் கண்விழி கூட வரைந்திருந்தது.

"எங்க வீட்டு நிலவறையில எலிதான் இருந்துச்சு பாஸ்," என்றான் லென்னி. "இங்க ரோமாபுரியே குடியிருக்கு."

"தொடாதே!"

கத்தியவர் நார்மன் ஸ்கிரிவன். ஊர்ப் போர்விளையாட்டு மன்றத்தின் செயலாளர். மேஜையைப் படித்துச் சொல்ல ரூத்தான் அவரை வரச்சொல்லியிருந்தாள். மழைக்கோட்டையும் தொப்பியையும் கழற்றாமலே மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"கை பாக்கெட்டுக்குள்ளதான் இருக்கு சார். வேணும்னா ஒரு பூட்டுப் போட்டுடுங்க."

"விளையாட்டா நினைக்காதே தம்பி. அடுத்தவன் படையைக் கேக்காம தொடக்கூடாது. தொட்டாலும் காலுக்கடியில இருக்கிற அடித்தட்டைப் பிடிச்சுத்தான் தூக்கணும். எங்க மன்றத்துல முதல் நாள் சொல்லித் தர்றது அதுதான். பகடை உருட்டுறதெல்லாம் அதுக்கப்புறம்."

"இது என்ன சண்டை?" என்றாள் ரூத்.

ஸ்கிரிவனின் குரல் சட்டென்று கனிந்தது. "கன்னே. ஹன்னிபால் ரோமானியர்களை விழுங்கின சண்டை. நடுவுல இருக்கிறவங்களைப் பின்வாங்கவிட்டார். ரோமாக்காரங்க ஜெயிக்கிறோம்னு நெனச்சு உள்ளே உள்ளே போனாங்க. ரெண்டு பக்கமும் மூடிக்கிச்சு. கடைசியில வாளைத் தூக்கக்கூடக் கைக்கு இடமில்ல. நின்ன இடத்துலயே நின்னு செத்தாங்க." அவர் மூக்கை உறிஞ்சினார். "டெஸ்மண்ட் எப்பவும் ரோம் பக்கம்தான். தோக்கிற பக்கத்துக்குத்தான் துணை வேணும்பான்."

"நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். ஆனா இந்த ஒரு வருஷமா எங்க எல்லாருக்கும் அவன்மேல வருத்தம்."

ரூத் நிமிர்ந்தாள். "என்ன வருத்தம்?"

ஸ்கிரிவன் இதற்காகவே காத்திருந்தவர் போலக் கொட்டினார். "ஒவ்வொரு கண்ணுக்கும் மை வெச்ச கை அது. இப்ப சாயம் பூசினதையே விலைக்கு வாங்கறான். கேட்டா, பார்வை மங்கிடுச்சுங்கறான். வீரர்களைத் தனித்தனியா நகர்த்தினவன், இப்ப மொத்தமா பெரிய தட்டுல ஒட்டி வெச்சுத் தள்ளறான். கேட்டா, புது விதிங்கறான். பகடையைக் கையால உருட்ட மாட்டான், கோப்பையில போட்டுக் கவுக்கறான். கேட்டா, அதுதான் நேர்மைங்கறான். அப்போ நாங்கெல்லாம் திருட்டுப் பகடையா? போன மாசம் மன்றத்துக்கே வரல. பெரிய ஆளாயிட்டான்."

"லீட்ஸ் டவுன் கடைச் சரக்குன்னா சும்மாவா," என்றாள் பிரையனி மெல்ல. "மாசம் ஒரு தடவை டாரன்தான் வண்டியில கூட்டிட்டுப் போவான். பழைய வீரர்கள் விக்கிற கடையாம்."

"லீட்ஸ்ல எந்தக் கடை? ஒரே ஒரு கடை இருந்தது. அதையும் மூடி வாட்டர் ஹீட்டர் விக்கறாங்க."

பிரையனி திரும்பிப் பார்த்தாள். ரூத் மேஜைமேல் குனிந்து ஹன்னிபாலின் கார்த்தேஜ் படையின் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ஸ்கிரிவன், இந்த ஈட்டியெல்லாம் இப்படித்தான் வளைஞ்சிருக்குமா?"

ஸ்கிரிவன் கண்ணாடியை மாட்டினார். அவர் முகம், தன் பிள்ளைக்கு அடிபட்டதைப் பார்த்த தகப்பன் முகம்போல ஆனது.

"கடவுளே! எந்த முரடன்... ஈட்டியோடு சேர்த்து அள்ளியிருக்கான். இது வெள்ளீயம்மா, ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சதுதான். நிமிர்த்தப் போனா ஒடிஞ்சிடும். இது எங்க ஆள் வேலையே இல்ல. வாழ்நாள்ல விளையாடாதவன் எவனோ செஞ்சது."

மேலே தெருவில் பேருந்து போகும் சத்தம் கேட்டது.

"விளையாடாதவன்," என்று பிரையனி மெதுவாகச் சொன்னாள். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "டாரன் இதுங்களை ஈயப் பொம்மைன்னு கிண்டல் பண்ணுவான். ஒரு நாளும் தொட்டதில்லன்னு போலீஸ்ல சொன்னான்."

அப்போது பார்த்து ரூத்தின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் பர்ட்விசில்.

"ஹால்ஸ்டெட், உன் கட்சிக்காரியை வீட்டுக்கு அனுப்பிடு. உன் ஆளோட விரல் இடுக்குல பசையும் சிவப்புச் சாயமும் இருக்கு. அதே ரோமானியக் கேடயச் சிவப்பு. மேஜைப் பக்கமே போகலைன்னான். பொய்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்."

"சாயங்காலம் ஆகறதுக்கு ரொம்ப நேரமில்ல."

போனை வைத்ததும் லென்னி ரூத்தின் காதருகே வந்தான். "பாஸ், நாம யாரைக் காப்பாத்த வந்தோமோ அவன் கழுத்துல நாமளே சுருக்கு மாட்டிட்டோம். இதுக்கு பீஸ் வாங்கினா பாவம்."

ரூத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரையனி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. முழங்காலில் கைகளைக் கோத்துக்கொண்டு, அப்பா விழுந்த அந்தக் கடைசிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூத்தின் கண் மறுபடி மேஜைக்கே போனது.

போனது, அங்கேயே நின்றது.

"லென்னி, ரோமானியர்களைப் பாரு."

"பாவப்பட்ட ஜனங்க. நெருக்கியடிச்சு நிக்கறாங்க."

"ஈட்டியைப் பாருடா."

லென்னி பார்த்தான். "அட! இங்கயும் வளைஞ்சிருக்கு."

"மிஸ்டர் ஸ்கிரிவன், ரோம் பக்கம் டெஸ்மண்டோடது. அடுத்தவன் கை அதுல படலாமா?"

"படவே படாது. அது... அது எப்படி?"

"நாற்காலி எத்தனை?" என்று கேட்ட ரூத், தானே சுற்றிலும் பார்த்தாள். ஒன்றே ஒன்று இருந்தது. "தேநீர்க் கோப்பையும் ஒண்ணு. பகடைக் கோப்பையும் ஒண்ணு. எதிராளியே இல்ல. ரெண்டு பக்கமும் அவரே ஆடியிருக்கார். ரெண்டு பக்கமும் ஒரே கைதான் வளைச்சிருக்கு."

"டெஸ்மண்டா? மன்றத்துக்கே அடித்தட்டைப் பிடின்னு சொல்லித் தந்தவன்!"

"பிடிக்கத் தெரியாம இல்ல சார். பிடிக்க முடியாம." ரூத் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டு வந்தது. "சாயம் பூச முடியல, அதனால பூசினதை வாங்கினார். சின்ன அடித்தட்டு விரல்ல நிக்கல, அதனால பெரிய தட்டு. பகடை கையிலிருந்து தானா சிதறிடும், அதனால கோப்பை. மன்றத்துல நாலு பேர் பார்ப்பாங்கன்னு பயந்து வராம இருந்தார். நீங்க எல்லாரும் அவர் படையைப் பார்த்தீங்க. கையை யாரும் பார்க்கல."

கேடயத்தின் சிவப்பு ஒரு பொட்டு மாறினால் கண்டுபிடிக்கும் மனிதர் ஸ்கிரிவன். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"இதுக்கடியில பாருங்க பாஸ்." லென்னி தரையில் மண்டியிட்டிருந்தான். மேஜைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே ஒடிந்த ஈட்டிகள், மெல்லிய கம்பித் துண்டுகள், பசைக் குழாய், சிவப்புச் சாயம். "ஒடிஞ்சதைக் கம்பி வெச்சு ஒட்டி, மேல சாயம் தடவியிருக்காங்க. நடுங்கற கைக்காரர் இதைச் செய்ய முடியாது. கூரை ஏறி ஓடு ஒட்டறவன் கை செய்யும்."

பிரையனி எழுந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வந்த 'ஆள்' டாரன்தான்," என்றாள் ரூத். "சண்டை போட வரல. ஈட்டி ஒட்ட வந்திருக்கான். லீட்ஸுக்கும் கடை பார்க்கப் போகல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. இது நடுக்குவாதமா இருக்கும்னு நினைக்கிறேன். 'நீங்க சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்றேன்'னு கத்தினதும் அதைத்தான். அவன் போனப்புறம் படியேறும்போது கால் தடுமாறி அவரே விழுந்திருக்கணும். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பெண்டாட்டிகிட்டயும் மகள்கிட்டயும் மறைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?"

பிரையனி அப்பாவின் நாற்காலி முதுகில் கை வைத்தாள்.

"ரெஜி மாமா. அம்மாவோட அண்ணன். அவருக்கு அதே நோய்தான். எங்க வீட்லதான் இருந்தார். கரண்டியில ஊட்டி, தூக்கி உட்கார வெச்சு, வருஷக்கணக்கா எல்லாம் அம்மாதான். அடக்கம் முடிஞ்சு வந்த அன்னைக்கு அம்மா சமையலறையில உட்கார்ந்து சொன்னாங்க. 'கடவுளே, இன்னொரு தடவை என்னால முடியாது.' அப்பா அங்கேயேதான் இருந்தார். டீ போடக் கெட்டில்ல தண்ணி வெச்சுட்டு இருந்தார்."

"மிஸ்டர் ஸ்கிரிவன்," என்றாள் ரூத், "ஈட்டி நேரா இருக்கிற ஒரு வீரன் எனக்கு வேணும்."

ஸ்கிரிவன் பெரிய தட்டில் ஒட்டாமல் தனியாக நின்ற ஒரு ரோமானியனை அடித்தட்டைப் பிடித்து எடுத்தார். தன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் பர்ட்விசில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரூத் சொன்னதையெல்லாம் கேட்டார். தாடையைச் சொறிந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. சாட்சி?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாமனாருக்குக் கொடுத்த வாக்கை டாரன் மீற மாட்டான். மிச்சம் இருக்கிறது டெஸ்மண்ட் மட்டும்தான்."

"நான் கேட்டாச்சு. யார் தள்ளினதுன்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டார். மூளை கலங்கியிருக்குன்னு விட்டுட்டேன்."

"தலையை மட்டும் ஆட்ட முடிஞ்ச மனுஷன்கிட்ட 'யார்'னு கேட்டா எப்படி ஆட்டுவார் சார்?" என்றான் லென்னி. "அதுவும் யாருமே தள்ளாதப்போ?"

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். பிறகு கதவைத் திறந்து, பிரையனியையும் சேர்த்து மூவரையும் உள்ளே விட்டுத் தானும் வந்தார்.

உள்ளே டெஸ்மண்ட் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பெரிய உருவம், வெளுத்த முகம். கைகள் இரண்டும் போர்வைக்கு அடியில். பக்கத்தில் ஆட்ரி, மடியில் பின்னல் நூலோடு. ரூத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து அவளைக் கதவோரம் ஒதுக்கினாள்.

"கண்ணு, டாரன் விஷயம் மட்டும் அவர் காதுல போடாதே. நாங்க யாரும் சொல்லல. டாக்டரே வேணாம்னுட்டார். அதிர்ச்சி தாங்க மாட்டாராம்."

அப்போதுதான் ரூத்துக்கு மீதியும் விளங்கியது. மருமகன் லாக்கப்பில் இருப்பது இந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. அவருக்காக இவர்கள் மறைக்கிறார்கள். இவளுக்காக அவர் மறைத்தார். நடுவில் டாரன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருபுறமும் அன்பு வந்து மூடிக்கொண்டதில் ஒருவருக்கும் கை தூக்க இடமில்லை.

ஒருவனை விடுவிக்க வேண்டுமென்றால், தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத ஒருவரின் கடைசி ரகசியத்தை அவர் மனைவி முன்னாலேயே உருவ வேண்டும். ரூத் இந்த வேலைக்கு வந்ததற்காக முதல் முறையாக வருத்தப்பட்டாள்.

"மன்னிச்சிடுங்க, மிஸஸ் ஓல்ட்ராய்ட்," என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே போனாள். "மிஸ்டர் ஓல்ட்ராய்ட், நான் சொல்றது கேக்குதா?"

தலை மெல்ல அசைந்தது.

"டாரன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான். அவன்தான் உங்களைத் தள்ளினான்னு சொல்றாங்க. எதுக்கு வந்தேன்னு அவன் சொல்ல மாட்டேங்கறான். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டு இருக்கான்."

"ஏம்மா!" என்றாள் ஆட்ரி.

டெஸ்மண்டின் தொண்டையில் ஏதோ புரண்டது. சொல்லாக வரவில்லை. கண்கள் ரூத்திடமிருந்து பிரையனிக்கும், பிரையனியிடமிருந்து ஆட்ரிக்கும் ஓடின. ஆட்ரியிடம் வந்ததும் தாழ்ந்தன.

ரூத் கைக்குட்டையைப் பிரித்தாள். சாப்பாட்டுப் பலகையை அவர்முன் இழுத்து, அதன் நடுவில் அந்த ரோமானியனை நிறுத்தினாள். ஈட்டி நேராக நின்றது.

"நான் எதுவும் கேக்கல," என்றாள். "உங்களுக்கா தோணினா எடுங்க. வேணாம்னா நான் திரும்பிப் போயிடறேன்."

இன்ஸ்பெக்டர் காலை மாற்றி நின்றார்.

போர்வை அசைந்தது. கை வெளியே வந்தது. ஆடிக்கொண்டே வந்தது. பலகையின் விளிம்பில் தட்டியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. விரல்கள் அடித்தட்டை நோக்கித்தான் போயின. இரண்டு விரல் அதன் ஓரத்தைத் தொட்டது, நழுவியது. மறுபடி தொட்டது, மறுபடி நழுவியது. அவர் நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது. பிரையனி உதவ ஓரடி வைத்தாள். லென்னி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

கடைசியில் அந்தக் கை முழுசாக விழுந்து, ஈட்டியும் கேடயமும் தலையுமாக வீரனை அள்ளியது. டெஸ்மண்ட் அதை ஆட்ரியை நோக்கி நீட்டினார். உள்ளங்கையில் ஈட்டி வளைந்து கிடந்தது.

"இது விழுந்ததால வந்த நடுக்கமா இருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் பழைய உறுதி இல்லை.

"அவர்கிட்டயே கேளுங்க. தலையாட்டற மாதிரி கேளுங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் ஓல்ட்ராய்ட், இந்த நடுக்கம் விழறதுக்கு முன்னாடியே இருந்துதா?"

ஆமாம்.

"லீட்ஸ் ஆஸ்பத்திரியில பார்த்தாங்களா? அங்க கேட்டா சொல்வாங்களா?"

ஆமாம்.

"டாரன் உங்களைத் தள்ளினானா?"

தலை இடமும் வலமுமாக அசைந்தது. நிறுத்தாமல் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"போதும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வேகமாகப் போனார். "லீட்ஸுக்கு லைன் போடு. அந்தப் பையனுக்கு ஒரு டீ குடு. ஆமாய்யா, டாரனுக்குத்தான்," என்று அவர் சொல்வது கேட்டது.

பிரையனி சுவரில் சாய்ந்து இப்போதுதான் அழுதாள்.

ஆட்ரி கணவரின் கையிலிருந்து அந்த வீரனை வாங்கியிருந்தாள். கல்யாணமான புதிதில் தூசி தட்டுகிறேன் என்று ஒன்றை ஈட்டியைப் பிடித்துத் தூக்கி, அவரிடம் திட்டு வாங்கியதற்குப் பிறகு அவள் எதையும் தொட்டதில்லை. இப்போது அடித்தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரு விரலால் ஈட்டியை நிமிர்த்தப் போனாள்.

"வேணாம் மேடம்," என்றான் லென்னி. அவன் குரலில் கேலி துளியும் இல்லை. "நிமிர்த்தினா ஒடிஞ்சிடும்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். நெடுநேரம் அந்தச் சின்ன முகத்தையே பார்த்தாள்.

"சமையலறையில சொன்னேனே, அதைக் கேட்டுட்டுத்தானே டெஸ்?"

டெஸ்மண்ட் கண்ணை மூடினார்.

"பொய் சொல்லல நான். நெஜமாத்தான் சொன்னேன்." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "இப்பவும் முடியுமான்னு எனக்குத் தெரியல. முடியும்னு வாய்க்குச் சொல்லி உன்னை ஏமாத்த எனக்குத் தெம்பில்ல."

ரூத் லென்னியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஓசையில்லாமல் கதவுப்பக்கம் நகர்ந்தார்கள்.

ஆட்ரி வீரனை வளைந்த ஈட்டியோடு அப்படியே பலகையில் நிறுத்தினாள், அவர் பார்க்கும்படி. பிறகு பலகையில் துடித்துக்கொண்டிருந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

நடுக்கம் நிற்கவில்லை. அவள் கையும் சேர்ந்து ஆடியது.